க்ஷயரோகமும் கைரேகையும்

நமது நாட்டில் ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு க்ஷயரோகம் கண்டுவிட்டால், "அது அந்த வம்சத்துக்கே உள்ள வியாதி" என்று ஊரார் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஜோசியனைக் கேட்டால் கிரகக் கோளாறு என்கிறான். புரோகிதனைக் கேட்டால் முன் ஜென்மத்துப் பாவம் என்கிறான். பெண் கேட்டு வந்தவர்களோ காரணம்கூடச் சொல்லாமல் வந்த வழியே போய்விடுகிறார்கள். அந்த இருவரும் ஜன்னலில்லாத ஒரே அறையில் படுத்து எழுந்தவர்களா என்று கேட்பவர் ஒருவருமில்லை.

இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை 1882-ஆம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்பவர் எடுத்துக்காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் கிரகத்தைத் தேடுகிறவர்களுக்கு நாம் என்ன சொல்வது? என்றாலும், நேர்மையான கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. இருமுகிறவன் மூச்சிலிருந்து காற்றில் கலக்கும் இக்கிருமி, மற்றொருவன் நெஞ்சில் புகுந்து பல வருஷம் தூங்கிக் கிடந்து விழிப்பதும் உண்டு. சில மாதங்களிலேயே நோயாகக் கிளம்புவதும் உண்டு. ஆகவே இன்று நோயாளியாக வந்து நிற்பவன் அதைச் சிறு வயதில் வாங்கினானா, சென்ற வருஷம் வாங்கினானா, யாரிடம் வாங்கினான்? பூதக்கண்ணாடியில் பார்த்தால் எல்லாக் கிருமியும் ஒன்றுபோலவே தெரியும்.

இதற்கும் வழி கண்டார்கள். கிருமியின் டி.என்.ஏ. இழையில் ஐ.எஸ். 6110 என்னும் சிறு துண்டு பல இடங்களில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. எத்தனை இடம், எந்தெந்த இடம் என்பது கிருமி வகைக்கு வகை மாறும். இழையை நறுக்கி நீளவாரியாகப் பிரித்தால் கோடு கோடாக ஓர் அடையாளம் கிடைக்கும். இதைக் கைரேகை என்றே சொல்லலாம். நாலு காசு வாங்கிக்கொண்டு ஆயுளைச் சொல்லும் கைரேகையல்ல. திருடனைப் பிடிக்கப் போலீசார் எடுக்கும் கைரேகை. இருவர் கிருமியில் ஒரே ரேகையிருந்தால், அவர்களுடைய நோய் அண்மையில் ஒரே சங்கிலியில் வந்ததென்று கொள்ள இடமுண்டு. யாரோடும் ஒவ்வாத ரேகையானால் பெரும்பாலும் பழைய கிருமி விழித்ததென்று கொள்ளலாம்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1991, 1992 ஆகிய வருஷங்களில் பதிவான நோயாளிகளை இவ்விதம் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். 473 பேரில் 191 பேருடைய கிருமிகள் 44 கூட்டங்களாகச் சேர்ந்தன. 20 கூட்டங்களில் இரண்டிரண்டு பேர். மிகப் பெரிய கூட்டத்தில் 30 பேர். கூட்டத்துக்கு ஒருவரை மூல நோயாளியென்று கழித்தாலும், புது நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அண்மையில் தொற்றியவர்களே. அதுவும் நல்ல வைத்திய ஏற்பாடுள்ள நகரத்தில்! "யாரோடு பழகினாய்?" என்று விசாரிக்கும் வழக்கமான முறையாலோ, இந்த 191 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கே தொடர்பு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இருமியவன் பெயரை யார் கேட்டு வைத்திருப்பார்கள்?

அறுபது வயதுக்குட்பட்டவர்களில் யார் அதிகமாக இக்கூட்டங்களில் அகப்பட்டார்கள்? கருப்பு இனத்தார், ஸ்பானிய வழியினர், எய்ட்ஸ் கண்டவர்கள், அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா, ஜாதிக் குணம்!" என்று குதிக்க நம் நாட்டிலும் ஆளுண்டு. அப்படியானால் கடைசியில் சொன்னதற்கு என்ன சமாதானம்? வெளிநாட்டான்தான் வியாதியைக் கொண்டுவந்து பரப்புகிறான் என்று கூச்சலிடுகிறவர்கள் எங்கும் உண்டு. ஆனால் அங்கு உள்ளூரில் பிறந்தவர்களல்லவா அதை ஒருவருக்கொருவர் அதிகமாகக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்! பிறந்த மண்ணால் ரத்தம் மாறுமா? மாறுவது இருப்பிடம், கூலி, நெருக்கம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆகியவையே.

தொற்றும் நிலையிலிருந்தும் மருந்தைச் சரிவரச் சாப்பிடாதவர்களால் மிகுந்த கேடு விளைந்ததென்றும் அந்த ஆராய்ச்சி சொல்லுகிறது. உடனே அவர்களைக் குற்றவாளிகளாக்கிவிடுவது சுலபம். ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிடுவதற்குப் படுக்க ஓரிடமும், வயிற்றுக்குச் சோறும் வேண்டாமா? ரேகை பார்ப்பதற்குப் பணம் ஒதுக்கும் சர்க்கார் இதற்கும் ஒதுக்கத்தான் வேண்டும். நோயாளியை ஊரைவிட்டு விலக்கிவைக்க வேண்டுமென்பவர்களுக்கோ நமது சென்னையே பதில் சொல்லியிருக்கிறது. 1956-இல் அங்கு தொடங்கிய க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியில் வைத்தும், மறு பகுதியினரை நெருக்கமான ஏழை வீடுகளிலேயே விட்டும், ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1959-இல் கணக்கை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் வீட்டாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை.