கரி எடுத்த நிலம் யாருக்கு?

நெய்வேலி 'லெகோ' கரி அடுப்பில் உலை வைத்தது ஆனைக்குட்டத்துப் பாட்டிமாருக்கு இன்னும் ஞாபகம் இருக்கலாம். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தென்பட்ட கரி அது. 1956-ல் கம்பெனி வந்தது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஊர் ஊராக ஜனங்கள் வயலையும் வீட்டையும் விட்டுக் கிளம்பினார்கள்.

ராட்சத யந்திரம் மேல் மண்ணை வெட்டும். அந்த மண்ணையே, கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொட்டி மூடுவார்கள். மூடிய இடத்தில் மரம் நட்டார்கள். குளம் உண்டாக்கினார்கள். பறவைகள் வருகின்றன. சாகுபடியும் செய்து பார்த்தார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. நம்ம பக்கத்துக் கல் குவாரிக் குழிகளைப் பார்த்தவனுக்கு இது எவ்வளவோ மேல்!

ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? பரவனாற்றைத் திருப்ப, நின்ற நெற்பயிரில் பொக்லைன் இறங்கியது. 'எப்பவோ கையகப்படுத்திய நிலம், பணமும் கொடுத்தாச்சு' என்றது நிர்வாகம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும்.

கரி எடுத்து மூடியாச்சே, அந்த நிலம்? அதில் விதைக்கத் தோதான இடத்தை, நிலம் கொடுத்த குடும்பத்துக்குக் குத்தகைக்காவது விட்டால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? மரமும் படகும் மட்டும் போதுமா சார்?