அச்சம் தீர்மானிக்கும் தாய்மை

ஒவ்வொரு குடும்பத்திலும் மூன்று குழந்தைகள் வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் அறிவுரை வழங்கினார். ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் கூடுதல் குழந்தைகளைப் பெறுமாறு வேண்டுகிறார். வேலை நிலைக்குமா, வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டுப்படியாகுமா என்ற இளம் தம்பதிகளின் கேள்விக்கு இருவரிடமும் பதில் இல்லை.

இந்தியப் பெண்களின் கருவள விகிதம் 2.0 ஆகக் குறைந்திருப்பதை 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. பெண்கல்வியும் கருத்தடை வசதியும் தந்த முன்னேற்றம் இதில் பெரும்பங்கு. ஆனால் இந்தியா உட்பட 14 நாடுகளில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் நடத்திய ஆய்வு, 2025இல் மற்றொரு பக்கத்தையும் வெளிப்படுத்தியது. பொருளாதார நெருக்கடியே தடை என்றனர் பத்தில் ஏறத்தாழ நால்வர். காலநிலை மாற்றம், போர் முதலிய எதிர்கால அச்சங்களைச் சுட்டினர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

குழந்தை பெறுவதும் மறுப்பதும் பெண்ணின் உரிமை. அந்த உரிமையில் மதபீடத்துக்கோ அரசுக்கோ இடமில்லை. எனினும், அச்சம் எடுக்கும் முடிவு சுதந்திரமான முடிவன்று.

26 வார மகப்பேறு விடுப்பு சட்டத்தில் உண்டு. முறைசாராத் தொழிலில் உழலும் கோடிக்கணக்கான பெண்களுக்கு அது எட்டாக்கனி. பிறர் குழந்தைகளை வளர்க்கும் அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018இல் நிர்ணயித்த மதிப்பூதியம் வெறும் 4,500 ரூபாய். நிரந்தர வேலையைக் குறித்தகால வேலையாக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ அச்சத்தைப் பெருக்குகின்றன.

இந்த அச்சத்தை இன்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தே சுமக்கிறது. அதை நிலையான வேலை, பொதுக்கல்வி, பொதுமருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றுக்கான கூட்டுக் கோரிக்கையாக மாற்றுவதே இயக்கத்தின் கடமை.