கோலி திரும்பி வந்தாச்சு... சோடாக்காரர் வருவாரா?

கட்டை விரலை கோலி மேல வெச்சு ஒரே அழுத்து. 'டொப்'புன்னு ஒரு சத்தம், புஸ்ஸுன்னு நுரை. பாட்டிலைச் சாய்க்கும்போது கோலி ஓடிவந்து வாயை அடைச்சுக்கும். கழுத்துல இருக்குற பள்ளத்துல அதை நிறுத்திட்டுக் குடிக்கத் தனி டெக்னிக் வேணும். இதையெல்லாம் உங்க அப்பா சொல்லிக் கேட்டிருப்பீங்க. இப்போ நீங்களே அதை ஸ்லோமோஷன்ல ரீல்ஸ் எடுத்துட்டு இருக்கீங்க.

ஆமாம், கோலி சோடா திரும்பி வந்துடுச்சு. மால் ஃபுட் கோர்ட், பிரியாணிக் கடை, கல்யாண வரவேற்புன்னு எல்லா இடத்துலயும் கலர் கலரா நிக்குது. 2025 மார்ச்ல மத்திய வர்த்தக அமைச்சகமே இதைப் பெருமையா அறிவிச்சது. 'கோலி பாப் சோடா'ங்கிற புதுப் பேரோட வளைகுடா நாடுகளின் லூலூ ஹைப்பர் மார்க்கெட்டுகளுக்கு ஏற்றுமதி ஆரம்பிச்சிருக்குன்னும், அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பாவுக்கும் போகுதுன்னும் சொன்னாங்க.

சந்தோஷமான செய்திதான். ஆனா, ஒரு கேள்வி இருக்கு. பாட்டில் வந்துடுச்சு, அதை சைக்கிள்லயும் டிரை சைக்கிள்லயும் கிரேட் கிரேட்டா அடுக்கிக் கொண்டுவந்த உள்ளூர் சோடா கம்பெனிக்காரர் கூடவே வர்றாரா?

லண்டன்ல பிறந்த கோலி

இந்த பாட்டில் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்துல இதுக்குக் காப்புரிமை வாங்கினார். கேஸ் அடைச்ச பானத்துக்கு மூடி போடுறது அப்போ பெரிய தலைவலி. கார்க் காய்ஞ்சு போனா கேஸ் போயிடும்.

அவர் யோசிச்சது ரொம்ப எளிமை. பாட்டிலைத் தலைகீழா வெச்சு நிரப்பணும். கோலி கழுத்துக்கு வந்துடும். உள்ளே இருக்குற கேஸே அதை ரப்பர் வளையத்தோட சேர்த்து அழுத்திப் பிடிச்சுக்கும். தனி மூடி கிடையாது, ஓப்பனர் கிடையாது, தூக்கிப்போட எதுவுமே கிடையாது. குடிச்சு முடிச்சா பாட்டில் கம்பெனிக்கே திரும்பிடும். கழுவி, திரும்ப நிரப்பி, அடுத்த நாள் அதே கடைக்கு வரும். 'ரீயூஸ்', 'ஜீரோ வேஸ்ட்'னு நாம இப்போ பேசுறதை இந்த பாட்டில் 150 வருஷம் முன்னாடியே செஞ்சுட்டு இருந்தது.

அந்த பாட்டில் நம்ம ஊர்ல எவ்வளவு ஆழமா இறங்குச்சுன்னு பேச்சுலயே தெரியும். கனமான லென்ஸ் போட்டா 'சோடாபுட்டி'. கூட்டத்துல கலவரம்னா 'சோடா பாட்டில் வீச்சு'. வீட்டுக்கு விருந்தாளி வந்தா 'கலர் குடிக்கிறீங்களா?' டெல்லியில இதுக்குப் பேர் பண்ட்டா. ஜப்பான்ல ராமுனே. லெமனேட்ங்கிற சொல்தான் அவங்க வாயில அப்படி மாறிடுச்சு.

ஏன் காணாமப் போச்சு?

முதல் அடி, 1892-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தகர மூடி. மலிவு, வேகமா மெஷின்ல அடிக்கலாம். இரண்டாவது, கழுவுறது. உள்ளே கோலி உருண்டுட்டு இருக்க, குறுகின கழுத்து வழியா பிரஷ் விட்டுச் சுத்தம் பண்றது கஷ்டம். 'அந்த பாட்டில் சுத்தமா இருக்குமா?'ங்கிற சந்தேகம் நியாயமானதுதான். மூன்றாவது, பன்னாட்டு கோலாக்களோட விளம்பரமும் ஃப்ரிட்ஜும். கடைக்காரருக்குக் கம்பெனியே ஃப்ரிட்ஜ் கொடுத்தா, அதுக்குள்ள யாரோட பாட்டில் இருக்கும்னு சொல்லத் தேவையில்லை.

நடுவுல ஒரு திருப்பம் வந்தது. 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுப் போராட்டம். அந்தச் சூட்டோட, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விக்க மாட்டோம்னு தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவிச்சது உங்களுக்கு நினைவிருக்கலாம். விருதுநகர்ல 1916-ல் தொடங்கின காளி மார்க்கோட பொவொண்டோவும், பெயர்ப் பலகைகூட இல்லாத பன்னீர் சோடாக்களும் திரும்பக் கடை வாசலுக்கு வந்தது அப்போதான். அந்த வேகம் அப்படியே நீடிக்கலை. ஆனா 'நம்ம ஊர் டிரிங்க்'ங்கிற எண்ணம் தங்கிடுச்சு. இன்னிக்குக் கோலி சோடா ஸ்டைலா இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு சொட்டு பன்னீர், 35 சதவிகிதம்

இப்போ விஷயத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறினப்போ, ஷாம்பு, பிஸ்கட் விலை குறையுறதைப் பத்தி எல்லாரும் பேசினோம். சோடாவுக்கு நடந்தது இது: சர்க்கரையோ வாசனையோ சேர்க்காத ப்ளெயின் சோடாவுக்கு வரி 18-லிருந்து 5 சதவிகிதமாச்சு. அதுல பன்னீரோ, இஞ்சியோ, எலுமிச்சை ஃபிளேவரோ சேர்த்துட்டா 40 சதவிகிதம். முன்னாடி 28 வரி, 12 செஸ்னு பிரிச்சு வாங்கினதை இப்போ மொத்தமா ஒரே ஸ்லாப்ல வெச்சுட்டாங்க. அதே தண்ணி, அதே கேஸ், அதே பாட்டில். வித்தியாசம் 35 சதவிகிதம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கம்பெனி வாசல்ல வரியோட சேர்த்து 10 ரூபாய்க்கு ஒரு பாட்டில் விக்கிறதா வெச்சுக்குவோம். ப்ளெயின் சோடான்னா அரசுக்குப் போறது சுமார் 48 காசு. பன்னீர் சோடான்னா 2 ரூபாய் 86 காசு. மீதி 7 ரூபாய் 14 காசுல தண்ணி, சர்க்கரை, கேஸ், கரன்ட், கூலி, வண்டி வாடகை, உடைஞ்ச பாட்டில் நஷ்டம் எல்லாம் அடங்கணும்.

'ரொம்பச் சின்ன கம்பெனிக்கு ஜிஎஸ்டியே கிடையாதே'ன்னு நீங்க கேட்கலாம். உண்மைதான். ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய் தாண்டாத வரைக்கும் பதிவு தேவையில்லை. 10 ரூபாய் பாட்டில்ல பார்த்தா, நாளைக்கு சுமார் 1,100 பாட்டில். அதைத் தாண்டி வளர்ந்தா மாட்டினீங்க. தாண்டாட்டியும், கடலூர்லேர்ந்து பக்கத்துல இருக்குற புதுச்சேரிக்கு ஒரு லோடு அனுப்பினாலே பதிவு கட்டாயம். மற்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு விற்பனையில 1 சதவிகிதம் கட்டினா போதும்னு 'காம்போசிஷன்' திட்டம் இருக்கு. 2019 அக்டோபர்லேர்ந்து சோடா தயாரிப்பாளர்களுக்கு அந்தக் கதவையும் சாத்திட்டாங்க.

இன்னொரு பக்கம், ரிலையன்ஸ் வாங்கின காம்பா கோலா 2023-ல் 200 மில்லி பாட்டிலை 10 ரூபாய்க்கு இறக்குச்சு. அவங்களுக்கும் அதே 40 சதவிகிதம்தான். ஆனா நாடு முழுக்க விக்கிறவர் ஒரு பாட்டில்ல சில பைசா லாபத்துல தாக்குப்பிடிப்பார். ஒரே ஒரு தாலுகாவுல விக்கிறவரால முடியாது. வரி ரெண்டு பேருக்கும் சமம். வலி சமம் இல்லை.

சர்க்கரைக்கு வரி வேண்டாமா?

வேணும். பன்னீர் சோடாவிலயும் சர்க்கரை இருக்கு. நம்ம ஊர் டிரிங்க்ங்கிறதால அது சத்துபானம் ஆகிடாது. ஆனா இந்த 40 சதவிகிதம் சர்க்கரையை அளந்து போட்ட வரி இல்லை. சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் 40, சர்க்கரை கொட்டின கோலாவுக்கும் 40. இனிப்பைக் குறைச்சுத் தயாரிக்கிறவருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

இந்த பாட்டில் பிறந்த இங்கிலாந்து என்ன பண்ணுது? அங்கே 2018-லேர்ந்து குளிர்பான வரி இருக்கு. 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரைன்னு பார்த்துதான் வரி. அதுவும் வருஷத்துக்கு 10 லட்சம் லிட்டருக்குக் கீழே தயாரிக்கிற சின்ன கம்பெனிகளுக்கு விலக்கு. ஜப்பான் இன்னும் ஒரு படி மேல. 1977-ல் வந்த ஒரு சட்டத்தை ஒட்டி, ராமுனே தயாரிப்பு சிறு, நடுத்தர நிறுவனங்களோட களமா விடப்பட்டிருக்கு. அதனாலதான் அங்கே கோடைத் திருவிழாக்கள்ல அந்த கோலி பாட்டில் இன்னும் சாதாரணமா கிடைக்குது.

நாம ரெண்டும் பண்ணலை. ஏற்றுமதி மேடையில கோலி சோடாவைத் தூக்கிப் பிடிக்கிறோம். உள்ளூர்ல அதைச் சூதாட்டத்தோட, பான் மசாலாவோட ஒரே 40 சதவிகித வரிசையில நிறுத்தியிருக்கோம்.

நீங்க என்ன பண்ணலாம்?

வரியை மாத்துறது உங்க கையில இல்லை. பாட்டில் உங்க கையில இருக்கு. அடுத்த முறை கோலியைத் தட்டுறதுக்கு முன்னாடி லேபிளைத் திருப்பிப் பாருங்க. எந்த ஊர்ல தயாரிச்சது, உணவுப் பாதுகாப்பு உரிமம் எண் இருக்கா, தேதி இருக்கா? இது இருந்தா சுத்தம் பத்தின பாதிக் கவலை போயிடும். அப்புறம், பாட்டில் கண்ணாடியா பிளாஸ்டிக்கா பாருங்க. இப்போ வர்ற பல 'ரெட்ரோ' பாட்டில்கள் ஒரு தடவை குடிச்சுட்டுத் தூக்கிப்போடுற ரகம். கோலி மட்டும் பழசு, குப்பை புதுசு. அந்தப் பழைய டிசைன்ல இருந்த நிஜமான புத்திசாலித்தனம் பாட்டில் திரும்பிப் போறதுலதான் இருந்தது.

உங்க ஏரியாவுல இன்னும் கண்ணாடி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கிற கடை இருந்தா, அங்கேயே நின்னு குடிங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். குடிச்சு முடிச்சதும், 'இது எந்த ஊர் சோடாண்ணே?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பதில் பக்கத்து ஊர்ப் பேரா இருந்தா, அந்த கம்பெனி இன்னும் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம்.