வயக்காட்டுக்கு எப்ப வரும் மாஸ்டர் செக்கப்?

கிராமத்துல புற்றுநோய்னு பேச்செடுத்தா போதும், நம்ம மக்கள் உடனே ரெண்டு கேசட்டைப் போட்டுடுவாங்க. ஒண்ணு, "அந்தக் காலத்துல கம்பங்கூழ் குடிச்சாங்க, ஒரு வியாதி உண்டா?" ரெண்டாவது, "எல்லாம் பூச்சிமருந்து பண்ற வேலை". அப்புறம் ஆர்கானிக் கடையில அரைக்கிலோ கத்திரிக்கா வாங்கினா கடமை முடிஞ்சுது!

முதல் கேசட் சுத்தப் பழங்கதை. அந்தக் காலத்துல எந்தப் பாட்டியை யாரு பரிசோதனை பண்ணிப் பாத்தாங்க? பெரும்பாடுன்னு ஒரே வார்த்தையில கதையை முடிச்சாங்க.

ரெண்டாவதுல உண்மை இருக்கு, மறுக்கல. எண்டோசல்ஃபானை 2011-ல் உச்சநீதிமன்றம் தடை பண்ணுச்சு. மாலத்தியான் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு அதிகம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் சொல்லிச்சு. மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு மருந்தடிக்கிறவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேணும். ஆனா கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அநேகமா எப்பவும் காரணம் ஹெச்பிவி வைரஸ். வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் போயிலையும் பாக்கும். பூச்சிமருந்தை நாளைக்கே ஒழிச்சாலும் இந்த ரெண்டும் அப்படியேதான் இருக்கும்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். 2000-லிருந்து 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்கள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் எல்லாம் சேந்து பண்ணினது. 30-லிருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாங்க நம்ம வினிகர் சமாச்சாரம், தடவிப் பாத்தாங்க. வெள்ளையாத் தெரிஞ்சா சந்தேகம். பாத்தது பயிற்சி குடுத்த நர்ஸுங்க. தேவைப்பட்டவங்களுக்கு அன்னைக்கே உறையவைக்கும் சிகிச்சையும் குடுத்தாங்க. 2007-ல் லான்செட்ல முடிவு வந்துச்சு: ஒரே ஒரு தடவை பாத்ததுக்கே சாவு 35 சதவீதம் குறைஞ்சுது.

"கிராமத்துப் பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வு கிடையாது சார், கூச்சப்படுவாங்க"ன்னு சொல்ற அறிவாளிகளுக்கு ஒரு கணக்கு. அந்த ஆய்வுல 49,311 பேரைக் கூப்பிட்டதுல 31,343 பேர் வந்தாங்க. ஊருக்குப் போய் ஒழுங்கா எடுத்துச் சொன்னா வர்றாங்கய்யா!

அதுக்கப்புறம் என்ன கிழிச்சோம்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 30-49 வயசுப் பெண்கள்ல இந்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செஞ்சுக்கிட்டவங்க தமிழ்நாட்டுல 9.8 சதவீதம். நாட்டுக்கே 1.9. இதுல நாமதான் முதலிடம்னு காலரைத் தூக்கிக்கலாம். 2030-க்குள்ள 70 சதவீதம்ங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட இலக்கு.

ஏசி ரூம்ல உக்காந்து தொப்பை வளக்குற எனக்கு ஆபீஸ்ல வருஷா வருஷம் மாஸ்டர் செக்கப், அதுக்குச் சம்பளத்தோட லீவு வேற. களையெடுக்கப் போற அக்காவுக்கு? ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு. "ரிசல்ட்டுக்கு அடுத்த வாரம் வாங்க"ன்னா ரெண்டு நாள் கூலி. இதுக்குப் பேரு விழிப்புணர்வு இல்லாமையா?

வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. திரை போட்ட ஒரு அறை, பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், அன்னைக்கே ரிசல்ட், இழந்த கூலிக்கு ஈடு. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்போ பிபி, சுகரை வீட்டு வாசல்லயே பாக்க முடிஞ்சுதே, இதுக்கு மட்டும் ஊருக்குள்ள வர என்ன தடை?

பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தப் பரிசோதனை இங்க எந்தக் கிழமை?" பதில் வந்தா அம்மா, சித்தி, அத்தை எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. பதில் வரலைன்னா பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட போய் உக்காருங்க. கம்பங்கூழ் புராணத்தை அப்புறமா சாவகாசமாப் பாடிக்கலாம்.