படுத்தவர் எழுந்து நடக்க...

"அப்பாவை அசைக்காதே! அவர் பாட்டுக்குப் படுத்திருக்கட்டும்!"

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், திட்டக்குடியிலும் சரி, சென்னையிலும் சரி, பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. சோறு ஊட்டுவார்கள். விசிறி விடுவார்கள். உட்கார வைக்க மட்டும் பயப்படுவார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பே நோயாளியை முடக்கி விடக் கூடும்!

மூளைக்குப் பாடம்

அசையாமல் கிடந்தால் தசை மெலியும். மூட்டு இறுகும். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும்.

பக்கவாதத்தில் முதலில் பழுதாவது மூளையின் ஒரு பகுதி. அங்கிருந்து உத்தரவு வராததால் கையும் காலும் ஓய்ந்து போகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக் கொள்ளத் தொடங்கும். குழந்தை நடை பழகுவது போலத்தான்! இதற்கு உதவுவதே மறுவாழ்வு சிகிச்சை. முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் பயிற்சியை விடக் கூடாது.

சக்கர நாற்காலியில் டாக்டர்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டது. இரண்டு கால்களும் செயல் இழந்தன. அவர் வீட்டில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு சிகிச்சையைப் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவருடைய கால்கள் கடைசி வரை நடக்கவில்லை. ஆனாலும் அவர் பிறர் கையை எதிர்பார்த்து வாழவில்லை. மறுவாழ்வு என்பது அதுதான்.

வீட்டார் கவனிக்க

பயிற்சியை எப்போது தொடங்குவது என்று டாக்டரைக் கேளுங்கள். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். ஓய்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி விடும். அவரே சாப்பிட முயன்றால் விடுங்கள். சோறு சிந்தினால் சிந்தட்டும்!

வீடு தேடி வரட்டும்

நடக்க முடியாதவரைக் கிராமத்திலிருந்து பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது லேசான காரியமா? கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டு வாரம் போவார்கள். மூன்றாவது வாரம் நின்று விடுவார்கள்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் ஒரு பகுதி. நல்ல ஏற்பாடு. ஆனால் பயிற்சி விட்டு விட்டு நடந்தால் பலன் குறையும். ஆகவே அந்தச் சேவை கடைசிக் கிராமம் வரை, நாள் தவறாமல் போய்ச் சேர வேண்டும். மக்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயங்காமல் கேட்க வேண்டும்.

வயலில் களை எடுப்பவரானாலும், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்பவரானாலும், கை ஓய்ந்தால் அடுப்பு ஓயும். உயிரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அந்தக் கை மறுபடி வேலை செய்யவும் வழி செய்ய வேண்டும்!