சாவி யார் கையில்?

கேரளத்துக் கிராமங்களில் டீக்கடைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது அநேகமாக வாயனசாலைதான். பெரும்பாலும் மாலையில்தான் திறக்கும். பெரியவர்கள் நாளிதழின் பக்கங்களைப் பங்கு போட்டுக்கொண்டு படிப்பார்கள். மாணவர்கள் போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். வரவு செலவுக் கணக்கு எழுதும் செயலாளர் அரசு அதிகாரி அல்ல. பகலில் பள்ளியிலோ கூட்டுறவு வங்கியிலோ வேலை பார்த்துவிட்டு வரும் உள்ளூர்க்காரர். உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவர். கட்டடத்தின் சாவியும் ஊர்க்காரர்களிடம்தான். மாநில நூலகக் கவுன்சிலுடன் இணைந்த இத்தகைய நூலகங்கள் 8,000-க்கும் அதிகம்.

இது அரசு திட்டம் போட்டுத் தொடங்கிய காரியமல்ல. ஆலப்புழை மாவட்டம் நீலம்பேரூரைச் சேர்ந்த பி.என். பணிக்கர் 1926-ல் சொந்த ஊரில் ஒரு நூலகம் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 17. அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். அடுத்த 32 ஆண்டுகள் அவரே செயலாளர். அந்தச் சங்கத்துக்கு 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. 1995 ஜூன் 19-ல் பணிக்கர் மறைந்தார். அந்த நாளைக் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது.

தொண்டர்களின் உற்சாகம் மட்டும் இத்தனை நூலகங்களையும் காப்பாற்றிவிடவில்லை. உற்சாகத்துக்கு ஆயுள் குறைவு. தொடங்கியவர் வெளியூர் போனால், அல்லது மூப்படைந்தால், பீரோ பூட்டப்பட்டுவிடும். இந்த ஆபத்தை ஓரளவு தடுத்தது 1989-ல் வந்த கேரளப் பொது நூலகச் சட்டம். நூலகம் உள்ளூர் உறுப்பினர்கள் வசமே இருக்கும். அதற்கு மேல் தாலுகா, மாவட்ட, மாநில அளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள். கட்டட வரியுடன் வசூலாகும் நூலக வரியிலிருந்தும் அரசு மானியத்திலிருந்தும் பணம் வரும். புத்தகங்கள், உறுப்பினர்கள், நடத்தும் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு நூலகத்துக்கும் தரம் பிரித்து உதவித் தொகை தருகிறார்கள். வீட்டை விட்டு வர முடியாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் புத்தகத்தை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

குறையும் இங்கேதான் இருக்கிறது. கிராம நூலகருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, மாதப்படி. குடும்பம் நடத்த அது போதாது. 'சேவைதானே' என்ற சொல்லின் மறைவில் ஒருவரின் முழு உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்குவது சுலபம். விருப்பப்பட்டு வாரத்தில் இரண்டு மணி நேரம் தருகிறவர் தொண்டர். தினமும் திறந்து மூடி, இரவல் பதிவேடு எழுதி, இருப்புக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஊழியர். இரண்டையும் குழப்பினால் நஷ்டம் வாசகருக்கே.

தமிழகத்தின் பாதை வேறு. எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல். அப்போது மாகாணத்தில் இருந்த மலபாருக்கும் அது பொருந்தியது. நூலக வரி, மாவட்ட நூலக ஆணைக்குழு, அரசு நியமிக்கும் நூலகர் என்று எல்லாம் ஒழுங்காக வகுக்கப்பட்டன. ஆனால் வாசகருக்கு நிர்வாகத்தில் பெரிய பங்கில்லை. நூலகர் பணியிடம் காலியானால், பக்கத்து ஊர் நூலகர் கூடுதல் பொறுப்பில் வந்து போகும் நாட்களில்தான் கதவு திறக்கும். நாற்காலி வாங்கித் தரவும் கூட்டம் நடத்தவும் முன்வரும் வாசகர் வட்டங்கள் பல ஊர்களில் உண்டு. சாவி மட்டும் அவர்களிடம் இல்லை.

ஓரிடத்தில் ஊர் இருக்கிறது, ஊதியம் போதவில்லை. மற்றதில் பதவி இருக்கிறது, ஊருக்கு இடமில்லை. நூலகம் நன்றாக நடக்க இரண்டும் வேண்டும்.

எந்த மாநிலத்தில் வசிப்பவரானாலும், பக்கத்து நூலகத்துக்குத் தொண்டு செய்ய நினைப்பவர் பழைய புத்தக மூட்டையோடு போக வேண்டியதில்லை. காலாவதியான பாட நூல்கள் அலமாரியை அடைக்கத்தான் உதவும். இடம் மாறி வைக்கப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். வாரம் ஒரு நாள் ஓர் அலமாரியை எண் வரிசைப்படி சரிசெய்து தருவது பெரிய உதவி. கிழிந்ததை ஒட்டலாம். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டலாம். கண் மங்கிய பெரியவருக்கு நாளிதழ் வாசிக்கலாம்.

கூடவே இன்னொரு வேலையும் இருக்கிறது. நூலக வரி உள்ள ஊர்களில் அது வீட்டு வரியோடு சேர்ந்தே வசூலாகிறது. தன் வீட்டுக்கு வந்த ரசீதை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பணம் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, காலியான நூலகர் இடம் எப்போது நிரப்பப்படும் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பது. அலமாரி அடுக்குவதைவிட இதற்கு அதிகப் பொறுமை தேவைப்படும். இதுவும் நூலகத் தொண்டுதான்.