மேப்பில் பச்சை... ரோட்டில் ஜாம்! ட்ராஃபிக் டேட்டாவை எவ்வளவு நம்பலாம்?

கிளம்பும்போது மேப் 25 நிமிடம் என்கிறது. ரோடு முழுக்கப் பச்சைக் கோடு. ரெண்டு சிக்னல் தாண்டுவதற்குள் அதுவே 38 நிமிடம் ஆகிவிடுகிறது. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா வேற ரூட்ல போயிருப்பேனே" என்று புலம்பாத வண்டி ஓட்டி சிட்டியில் இருக்க முடியாது.

ஆனால் இது ஆபீசுக்கு லேட்டாவது பற்றிய பிரச்னை மட்டுமல்ல. இதே மாதிரி டேட்டாவை வைத்துத்தான் இப்போது சிக்னல் நேரத்தை மாற்றவும் யோசனை சொல்லப்படுகிறது. அப்படியென்றால் அதை எவ்வளவு நம்பலாம்?

இந்த டேட்டா எங்கிருந்து வருது?

பெரும்பாலும் நம் பாக்கெட்டில் இருந்துதான். லொகேஷன் ஆனில் இருக்கும் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதை, பெயர் அடையாளம் இல்லாமல் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கூகுள் இந்த முறையை 2009-ல் விளக்கியது. டாம்டாம், ஹியர், இன்ரிக்ஸ் போன்ற நிறுவனங்கள் கார் நேவிகேஷன் கருவிகள், வாகனங்களில் இருந்தும் டேட்டா எடுத்து விற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த டேட்டா காட்டுவது வேகத்தை. ரோட்டில் எத்தனை வண்டி போகிறது என்ற எண்ணிக்கையை அல்ல.

யாராவது டெஸ்ட் பண்ணியிருக்காங்களா?

பண்ணியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள் சேர்ந்து 2008-ல் இன்ரிக்ஸிடம் டேட்டா வாங்கத் தொடங்கின. கம்பெனி சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. சராசரி வேகப் பிழை மணிக்கு 10 மைலை, அதாவது சுமார் 16 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதின. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தினர் ரோட்டோரம் ப்ளூடூத் சென்சார் வைத்து, ஒரே கருவி ரெண்டு இடங்களைக் கடக்க எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு ஒப்பிட்டார்கள்.

நெடுஞ்சாலைகளில் டேட்டா நன்றாகவே ஒத்துப்போனது. சிக்னல்கள் நெருக்கமாக உள்ள சாலைகளில்தான் நம்பகத்தன்மை குறைந்தது.

சிட்டி ரோட்டில் ஏன் சொதப்புது?

முதல் காரணம் சிக்னல். பச்சை விழும்போது வந்த வண்டி ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும். சிவப்பில் மாட்டிய வண்டிக்கு 3 நிமிடம் ஆகலாம். ரெண்டுக்கும் சராசரி 2 நிமிடம். ஆனால் அந்த 2 நிமிடத்தில் கடந்தவர் யாருமே இல்லை!

அடுத்தது மேம்பாலம். திறந்த வானத்தின் கீழேயே போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டலாம். மேலே போகும் காரும், பாலத்துக்குக் கீழே நிற்கும் காரும் மேப்பில் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. மெயின் ரோடு, சர்வீஸ் ரோடு குழப்பமும் இப்படித்தான் வருகிறது.

மூணாவது நம்ம ஊர் டூவீலர். கார் நகராத ஜாமில் பைக் சந்து பிடித்துப் போய்விடும். ரெண்டையும் ஒரே கணக்கில் சேர்த்தால் ஜாம் குறைவாகத் தெரியும். இந்தியா உட்படச் சில நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்தறிய முடிகிறது என்று கூகுள் சொல்லியிருக்கிறது.

நாலாவது, போன் எண்ணிக்கை. நள்ளிரவிலும் சின்னத் தெருக்களிலும் போன்கள் குறைவு. அங்கே பழைய நாட்களின் பேட்டர்னை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பின்னால் எத்தனை போன் இருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

ஏமாற்ற முடியுமா?

2020-ல் ஜெர்மன் கலைஞர் சைமன் வெக்கர்ட், 99 பழைய போன்களைத் தள்ளுவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துப் போனார். காலியான தெரு மேப்பில் சிவப்பானது. பார்க்க வேடிக்கைதான். ஆனால் மேப் பார்ப்பது ரோட்டை அல்ல, போனை என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது.

'மோசமான ட்ராஃபிக்' ரேங்க் உண்மையா?

டாம்டாம் பட்டியலில் பெங்களூருவில் 10 கிலோமீட்டர் கடக்க 2023-ல் 28 நிமிடம் 10 விநாடி, 2024-ல் 34 நிமிடம் 10 விநாடி. ஒரே வருஷத்தில் 6 நிமிடம் கூடிவிட்டதா? அப்படி நேரடியாகச் சொல்ல முடியாது. இடையில் பட்டியலில் இருந்த நகரங்களே 387-ல் இருந்து சுமார் 500 ஆகிவிட்டன. எந்த எல்லைக்குள், எந்த முறையில் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஹெட்லைனில் ரேங்க் மட்டும்தான் வரும், இந்த விவரம் வராது.

நமக்கு இதில் என்ன?

கூகுளின் 'கிரீன் லைட்' திட்டம், மேப் டேட்டாவை வைத்து சிக்னல் நேரத்தை எப்படி மாற்றலாம் என்று நகரங்களுக்கு யோசனை சொல்கிறது. பெங்களூரு, கொல்கத்தா, ஹைதராபாத் இதில் இருக்கின்றன. வண்டி தேவையில்லாமல் நிற்பது குறைந்தால் நல்லதுதான். ஆனால் ரோட்டைக் கடக்கக் காத்திருக்கும் பாட்டியும், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மாணவரும் வண்டி வேகக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து சிக்னல் விழ வேண்டும் என்றால், ஜங்ஷனில் ஆள் நின்றோ கேமரா வைத்தோ எண்ணித்தான் ஆக வேண்டும்.

அதனால் டேட்டாவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எந்த ரூட் பரவாயில்லை என்று பார்க்க மேப் போதும். ரயிலையோ விமானத்தையோ பிடிக்க வேண்டும் என்றால், அது சொல்லும் நேரத்தோடு கூடுதலாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

மக்கள் பணத்தில் டேட்டா வாங்கும் அரசும் மாநகராட்சியும் கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு பிழை வரலாம், அதை யார் சரிபார்ப்பது, முடிவை மக்கள் பார்க்க முடியுமா? அமெரிக்க மாநிலங்கள் முதல் ரெண்டையும் 2008-லேயே கேட்டுவிட்டன.